பதினாறாம் நாள்

புதுவயலில் ஆலைகள் இரவிலும் நிற்பதில்லை.
நெல் அவியும் ஆவியில்
தெருவிளக்குகள் வெந்துகொண்டிருக்கும்.
அந்த இரைச்சலில்
ஒரு மாடு கத்தினாலும் யாருக்குக் கேட்கும்?

இது கத்தவும் இல்லை.

"ஊமை, டாக்டர்" என்றாள் பூமயில்,
நெல் கிண்டும் பலகையைச் சுவரில் சாய்த்துவிட்டு.
"மூணு தடவ சினை ஊசி போட்டாச்சு. நிக்கல.
எப்ப பருவத்துக்கு வருதுன்னே தெரியல.
அடுத்த வாரம் யாவாரி வாரான்."

கையுறையைத் தோள்வரை இழுத்துக்கொண்டேன்.
கன்னம் அதன் பின்தொடையில் ஒட்ட
கண்ணை மூடினால்தான் விரலுக்குப் பார்வை வரும்.
கருப்பை காலி.
வலப்பக்கச் சினைப்பையில்
நெல்லிக்காயளவு ஒரு மேடு.
படிக்கிற காலத்தில் அறுத்துவைத்த தட்டில் பார்த்திருக்கிறேன்,
நன்றாய்ப் பழுத்த மஞ்சள்.

முட்டை வெடித்துப் போன பள்ளத்தில்
முளைக்கிற தற்காலிக ஆபீஸ் அது.
புரோஜெஸ்டிரோன் என்ற ஒரே உத்தரவைத்
திரும்பத் திரும்ப அனுப்புகிறது:
பொறு. கதவைச் சாத்து. யாரோ வரக்கூடும்.
மூளைக்கு அடியில் மொச்சைக்கொட்டை போலத் தொங்கும் சுரப்பி
அதைப் படித்துவிட்டுச் சும்மா இருக்கிறது.

பதினாறு நாள் வரைதான் இந்தப் பொறுமை.
எங்கள் பக்கம் பதினாறாம் நாள் என்றால் கருமாதி.
மாட்டுக்குள்ளும் ஏறக்குறைய அப்படித்தான்.
அதற்குள், நூல்போல் நீண்ட ஒரு கரு
இருக்கிறேன் என்று சொல்லியாக வேண்டும்.
வாய் கிடையாது. எலும்பு கிடையாது.
இதயம் துடிக்கவே இன்னும் ஐந்தாறு நாள் ஆகும்.
சொல் மட்டும் வந்துவிட்டது, ஒரு புரதமாக.

சொல்லாவிட்டால்
கருப்பையே ஆள் அனுப்பி மஞ்சளைக் கரைத்துவிடும்.
உத்தரவு நின்றுபோகும்.
அடுத்த முட்டை பழுக்கும். ஈஸ்ட்ரோஜன் ஏறும்.
வால் விலகும், கண்ணாடி இழையாய் வழும்பு தொங்கும்,
அரை நாளோ முக்கால் நாளோ ஒரு திருவிழா.
தேர் நிலைக்கு வந்து
கூட்டமெல்லாம் கலைந்த பிறகுதான்
முட்டை இறங்கி வரும்.

இதில் எதையும் நான் பூமயிலிடம் சொல்லவில்லை.
"உள்ள எல்லாம் ஓடிக்கிட்டுத்தான் இருக்கு.
வெளிய காட்டல, அவ்வளவுதான்."
"எங்க வீட்டு மனுசனாட்டம்" என்றாள்.

இரண்டு மில்லி.
கருப்பை அனுப்ப வேண்டிய ஆளை
நானே சிரிஞ்சில் ஏற்றி அனுப்பினேன்.
பிள்ளை உண்டானவர்கள் தொடக் கூடாது
என்று குப்பியில் போட்டிருக்கும்.
எனக்கு அந்தக் கவலை இல்லை.
கையை மட்டும் இரண்டு முறை கழுவினேன்.

மூன்றாம் நாள் இரவு இரண்டு மணிக்கு
ஆலை இரைச்சலோடு ஒரு போன்.
"டார்ச் அடிச்சுப் பாத்தேன் டாக்டர், தொங்குது.
தவிட்டத் தொடல. பக்கத்து மாடு மேல ஏறுது,
எறங்கமாட்டேங்குது."
மத்தியானம் வருகிறேன் என்றேன்.
அவசரப்பட்டால் ஆவது ஒன்றுமில்லை,
முட்டை இன்னும் புறப்படவில்லை.

மத்தியானம் கேனைத் திறந்தபோது
நைட்ரஜனின் குளிர்ப்புகையும் நெல் அவியும் வெப்பப்புகையும்
ஒரே வெள்ளையாய்க் கலந்தன.
எது எதுவென்று தெரியவில்லை.

இருபத்தொன்றாம் நாள் போன் வரவில்லை.
இருபத்திரண்டு. இருபத்து மூன்று.
ஊமை மாட்டின் மௌனத்துக்கு இரண்டு பொருள்:
சினை நின்றிருக்கும்.
அல்லது பருவம் வந்து, யாரும் பாராமல்,
போயிருக்கும்.
கைவிட்டுப் பார்க்க அறுபது நாள் ஆகவேண்டும்.

கண்டனூரில் ஒரு கன்று ஈற்றுக்குப் போனவள்
திரும்பும் வழியில் ஆலைக்குள் வண்டியை விட்டேன்.
மாடு கட்டுத்தறியில் நின்றது,
காதில் மஞ்சள் அட்டை, பன்னிரண்டு இலக்கம்,
என்னைத் தெரிந்தமாதிரியே காட்டிக்கொள்ளாமல்.

அடுத்த வாரம் என்ற யாவாரி
ஊசி போட்ட பதினாறாம் நாள்தான் வந்தானாம்.
சினை நின்னுருச்சு என்று சொல்லித்
திருப்பி அனுப்பிவிட்டாளாம்.

"நின்னுருச்சுன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாது" என்றாள் பூமயில்,
பலகையை எடுத்துக் களத்தில் இறங்கியபடி.
"யாராச்சும் சொல்லணும்ல, டாக்டர்."